வாரமா, குத்தகையா? - உணவுச் செயலிகளும் சிறு உணவகங்களும்

ஸ்விக்கி, சொமேட்டோ என்று பேச்செடுத்தால் நம் தோழர்கள் உடனே பேசத் தொடங்குவது பையைச் சுமந்துகொண்டு வண்டி ஓட்டுகிற இளைஞர்களைப் பற்றித்தான். அதில் தப்பில்லை. 2023 டிசம்பரில் தமிழக அரசு அவர்களுக்கென நலவாரியம் அமைத்ததற்கும், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அவர்கள் இடம் பெற்றதற்கும் பின்னால் அந்தப் பேச்சும் போராட்டமும் உண்டு. ஆனால் அந்தப் பை எங்கே நிரம்புகிறதோ அந்தச் சிறு உணவகத்தைப் பற்றி நாம் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. ஏன் என்று கேட்டால், 'அவங்க முதலாளிங்கதானே' என்று பதில் வருகிறது. நாலு பெஞ்சு, ரெண்டு அடுப்பு, கல்லாவில் புருஷன், உள்ளே மனைவி, ஒரு பரோட்டா மாஸ்டர், பாத்திரம் கழுவ ஓர் அம்மா என்று ஓடுகிற மெஸ்ஸையும் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டு நகர்ந்துவிடுவதை மார்க்சிய ஆய்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

இந்த மௌனத்தை உடைத்தவர்கள் எழுத்தாளர்களோ இயக்கத்தவர்களோ இல்லை, நாமக்கல் ஓட்டல்காரர்கள். கமிஷன் கட்டுப்படியாகவில்லை, விளம்பரம், தள்ளுபடி என்று மேலும் மேலும் பிடித்தம் செய்கிறார்கள் என்று சொல்லி, 2025 ஜூலையில் இந்த இரண்டு செயலிகளுக்கும் இனி பார்சல் தருவதில்லை என்று அவர்கள் சங்கமாக முடிவெடுத்தார்கள். கமிஷனுக்குப் பதிலாகக் கட்டணம் மட்டும் வாங்குகிற சாரோஸ் என்ற தமிழகச் செயலிக்கு மாறினார்கள். இதை 'உள்ளூர்க்காரன் எதிர் பெருநிறுவனம்' என்ற பழகிப்போன கதையாடலுக்குள் அடைத்துவிட முடியும். எனக்கு அதில் அக்கறை இல்லை. கமிஷனிலிருந்து கட்டணத்துக்குப் போகும்போது உறவில் என்ன மாறுகிறது என்பதே இங்கு என் கேள்வி. அதற்குப் போகுமுன் ஒரு பிரியாணியின் கணக்கைப் பாத்துரலாம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கணக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அரசியல் பொருளாதாரம் பேசுகிறவர்கள் கூட்டல் கழித்தலை ஆடிட்டர்களிடம் விட்டுவிட்டதால்தான் இந்த நிலைமை.

கடையில் 200 ரூபாய்க்கு விற்கும் பிரியாணி என்று வச்சுக்குவோம். (எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. கடைக்குக் கடை மாறும். வாடிக்கையாளர் மேல் விதிக்கும் வரியை ஒதுக்கிவைக்கிறேன்.) அரிசி, கறி, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து 80 ரூபாய். இலைக்கு 3. மிச்சம் 117. மாஸ்டர் சம்பளம், கடை வாடகை, கரண்டு பில் இவற்றை ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டால் 85. ஆக 32 ரூபாய் லாபம்.

அதே பிரியாணி செயலி வழியாகப் போகிறது. 'மேலே தெரியணும்னா ஆஃபர் போடுங்க' என்பார்கள். கடையின் பங்காக 20 ரூபாய் தள்ளுபடி. விலை 180 ஆயிற்று. அதில் 25 விழுக்காடு கமிஷன் என்றால் 45 ரூபாய். கமிஷன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, 8 ரூபாய் 10 காசு. சாய்ந்தாலும் கொட்டாத டப்பா, பை எல்லாம் 10 ரூபாய். இவை போக 116 ரூபாய் 90 காசு. சமைத்த செலவு 80 போனால் கையில் நிற்பது 36 ரூபாய் 90 காசு. விளம்பரத்துக்கு, அதாவது யாராவது கடைப் பெயரைத் தொடும்போதெல்லாம் கழியும் பணத்துக்கு, இன்னும் கணக்கு எழுதவில்லை. கூலமோ கறியோ கெட்டுப்போய்விட்டது என்று வாடிக்கையாளர் புகார் செய்து பணம் திரும்பப் போனால் அது யார் தலையில் என்பதையும் எழுதவில்லை.

அந்த 8 ரூபாய் 10 காசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொதுவாக ஒரு வியாபாரி தான் கட்டிய ஜிஎஸ்டியைத் தான் வசூலிக்கும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 2017 நவம்பரிலிருந்து நம் மெஸ் போன்றவற்றுக்கு 5 விழுக்காடு வரி, உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே கமிஷன் மேல் வருகிற 18 விழுக்காடு அப்படியே கடையின் செலவு. 25 விழுக்காடு கமிஷன் என்று பேசிக்கொள்வது உண்மையில் இருபத்தொன்பதரை. 2022 ஜனவரி முதல் செயலி வழியாக விற்கும் உணவுக்கு ஜிஎஸ்டியைச் செயலியே வசூலித்துக் கட்ட வேண்டும் என்று வந்தது. கடை ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்புக்குக் கீழே இருந்தாலும் இது உண்டு. கல்லாவில் வரியில்லாமல் விற்கும் அதே இட்லிக்குச் செயலியில் வரி விழுகிறது.

இப்போது முக்கியமான இடம். இந்த 36 ரூபாய் 90 காசு லாபமா, நட்டமா? தட்டுக்கு 85 ரூபாய் நிலைச்செலவு என்று கழித்தால் 48 ரூபாய் நட்டம். ஆனால் மாஸ்டர் எப்படியும் அங்கேதான் நிற்கிறார், வாடகை எப்படியும் கொடுத்தாக வேண்டும், அண்டாவில் பிரியாணி மிச்சம் இருக்கிறது என்றால், செயலி வழியாகப் போகிற தட்டு அதிகப்படியாகக் கொண்டுவந்த பணம் அது. அப்போது முழுசா லாபம். செயலிக்காரர்கள் இரண்டாவது கணக்கைச் சொல்கிறார்கள், சங்கத்துக்காரர்கள் முதல் கணக்கைச் சொல்கிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. எந்தக் கணக்கு பொருந்தும் என்பது அந்தப் பிரியாணியை வாங்கியவர் யார் என்பதைப் பொறுத்தது. செயலி இல்லாவிட்டால் இந்தக் கடைக்கு வந்தே இருக்க மாட்டார் என்றால் 37 ரூபாய் வரவு. செயலி இல்லாவிட்டால் நடந்து வந்து சாப்பிட்டிருப்பார் என்றால், 117 கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் 37 கிடைத்திருக்கிறது. 80 ரூபாய் இழப்பு. இரண்டு புதியவர்கள் கொண்டுவருவது சுமார் 74 ரூபாய், ஒரு பழையவர் கொண்டுபோவது 80 ரூபாய். மூணு ஆர்டரில் ஒண்ணு நம்ம பழைய ஆள் என்றால் மூன்றும் வீண்.

சரி, பழைய ஆள் யார் என்று கடைக்குத் தெரியுமா?

திருச்சியில் நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸில் அக்கா ஒருத்தர் இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். "பக்கத்து பேங்க்கு ஆளுங்க முன்னாடி நடந்து வருவாங்க தம்பி. இப்ப லேசா தூறல் போட்டாப் போதும், போன்லயே போட்டுர்றாங்க. வெறும் பேரு மட்டும் வருது. செந்தில்னு வருது. ஊருல எத்தன செந்தில்?" கையடக்கப் பேசியில் கடைக்கான பக்கத்தைத் திறந்து காட்டினார். புதிய வாடிக்கையாளர் இத்தனை பேர், திரும்ப வந்தவர் இத்தனை பேர் என்று வட்டப்படம் போட்டிருந்தது. ஆனால் அது காட்டும் 'புதியவர்', செயலி வழியாக இந்தக் கடையில் முதல் தடவை வாங்கியவர். பத்து வருஷமாக மூலை டேபிளில் உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டு வாங்கியவர் முதல் தடவை போனில் போட்டால் அவரும் அந்த வட்டத்தில் 'புதிய வாடிக்கையாளர்'. அவரைக் கொண்டுவந்து சேர்த்ததற்கான கூலி கழிக்கப்படுகிறது.

வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. எடுப்புச் சாப்பாடு என்று பெயரே இருந்தது. அடுக்குக் கேரியர், தூக்கிப் போகும் பையன், மாசக் கணக்கு. யார் சாப்பிடுகிறார், யாருக்கு வெங்காயம் ஆகாது, யார் ஒண்ணாம் தேதிக்குப் பதில் பத்தாம் தேதி கொடுப்பார் என்பதெல்லாம் மெஸ்காரரின் நோட்டிலும் மண்டையிலும் இருந்தது. அந்த அறிவு ஒரு சொத்து. கடை கைமாறும்போது அண்டா குண்டானோடு சேர்த்து 'நல்ல வாடிக்கை உள்ள கடை' என்று அதற்கும் விலை வைத்தார்கள். செயலி வந்தபின் அந்த நோட்டு இடம் மாறிவிட்டது. எண்ணைக் கடைக்குக் கொடுத்தால் அந்தரங்கம் போய்விடும் என்பது அவர்கள் நியாயம். நியாயந்தான், ஆனால் அதே அந்தரங்கத்தை வைத்து அவர்கள் எதிர்க்கடையின் விளம்பரத்தை அதே வாடிக்கையாளருக்குக் காட்டுகிறார்கள்.

நோட்டு போனதில் இன்னொரு சங்கடம், பணம் வருகிற நாள். சிறு கடை தினமும் காலையில் ரொக்கம் கொடுத்துக் காய்கறியும் கறியும் வாங்குகிறது. செயலிப் பணம் வாரக் கணக்கில் வருகிறது. இடைப்பட்ட நாட்களுக்குத் தண்டல்காரரிடம் போகிறார்கள். ஒன்பதாயிரத்தைக் கையில் வாங்கி நாளுக்கு நூறாக நூறு நாள் கட்டுகிற வழக்கம் இன்னும் சாகவில்லை. கமிஷன் பற்றிய எந்த விவாதத்திலும் இந்த வட்டி சேர்க்கப்படுவதில்லை.

மதிப்பெண் நட்சத்திரங்களைப் பற்றி நிறைய எழுதலாம். ஃபூக்கோவை இழுக்காமல் உங்களால் ஒரு கட்டுரை முடிக்க முடியாதா என்று கேட்கும் நண்பர்களை உத்தேசித்து விட்டுவிடுகிறேன்.

இந்த உறவுக்கு என்ன பெயர்? சுமந்துபோகும் வேலைக்கான கூலி என்று சொல்ல முடியாது. சுமப்பவருக்கு எவ்வளவு என்பதும் கடையிடம் எவ்வளவு பிடிப்பது என்பதும் தனித்தனியாக முடிவாகின்றன. 1000 ரூபாய் பார்சலும் 200 ரூபாய் பார்சலும் ஒரே பையில் ஒரே தூரம்தான் போகின்றன, ஆனால் கமிஷன் ஐந்து மடங்கு. எங்கெல்ஸ் 1894இல் வெளியிட்ட 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் நிலவாடகை பற்றிய பெரும்பகுதி இருக்கிறது. நிலத்தின் சொந்தக்காரர் விளைச்சலில் பங்கு பெறுவது அவர் எதையும் விளைவித்ததால் அல்ல, அவரைத் தாண்டாமல் விளைவிக்க முடியாது என்பதால். செயலி வைத்திருப்பதும் அப்படி ஒரு நிலம்: ஊர்க்காரர்கள் பசிக்கும்போது பார்க்கிற திரை. கடை கொடுப்பது அந்த நிலத்துக்கான வாரம்.

வாரம் என்ற சொல்லை அலங்காரத்துக்காகப் பயன்படுத்தவில்லை. கீழத்தஞ்சையில் வாரத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவு. வாரத்தில் வெள்ளம் வந்தால் நிலக்காரருக்கும் குறையும். ஆனால் பங்கு பிரிப்பது மொத்த விளைச்சலில். விதை, எரு, நடவுக்கூலி சாகுபடிக்காரர் பொறுப்பு என்றால் பாதிக்குப் பாதி என்பது வெறும் பேச்சாகிவிடும். நம் பிரியாணியிலும் அதுதான் நடந்தது. 45 ரூபாய் கழிந்தது விற்பனையில். கறி விலை ஏறினால் அதில் பங்கில்லை. 1952ஆம் ஆண்டு தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் சாகுபடிக்காரருக்கு ஐந்தில் இரண்டு பங்கு என்றது. 1956இல் வந்த நியாய வாரச் சட்டம் அதைத் திருப்பிப் போட்டு, நன்செய் விளைச்சலில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் நிலக்காரர் கேட்கக் கூடாது என்றது. சும்மா வரவில்லை, எத்தனை பேர் அடிபட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். வாரத்துக்கு வரம்பு கட்டுவது அரசின் வேலை என்பது இங்கே ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன். கொரோனாக் காலத்தில், 2020இல், சான்ஃபிரான்சிஸ்கோவும் நியூயார்க்கும் உணவுச் செயலிகளின் விநியோகக் கமிஷனுக்கு 15 விழுக்காடு என்று வரம்பு கட்டின. முதலாளித்துவத்தின் தலைநகரங்களே செய்த காரியத்தை இங்கே கேட்க நமக்கு ஏன் கூச்சம்?

இங்கே நடந்திருப்பது என்ன? தேசிய உணவகச் சங்கத்தின் முறையீட்டை அடுத்து 2022 ஏப்ரலில் போட்டி ஆணையம் இரு செயலிகள் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. விசாரணைப் பிரிவு, தேர்ந்தெடுத்த சில உணவகங்களுக்குச் சாதகமாக நடந்து போட்டிச் சட்டத்தை இவை மீறின என்ற முடிவுக்கு வந்ததாக 2024 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அடுத்த மாதம் சொமேட்டோ குழுமத்தின் பிளிங்கிட் 'பிஸ்ட்ரோ' என்றும், 2025 ஜனவரியில் ஸ்விக்கி 'ஸ்நாக்' என்றும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் சிற்றுண்டி கொண்டுவரும் சொந்தச் சேவைகளைத் தொடங்கின. எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எது விற்கிறது என்று வாரக்காரர்களின் விளைச்சலைப் பார்த்துத் தெரிந்துகொண்ட நிலக்காரர், நல்ல பாத்தியாகப் பார்த்துத் தானே உழ இறங்குகிறார்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் கடைக்காரர்கள் சேர்கிறார்கள்? ஏமாளிகள் என்று நினைப்பது அவர்களை அவமதிப்பது. சிலருக்கு இந்த நிலம் இல்லாவிட்டால் நிலமே இல்லை. முதன்மைச் சாலையில் கடை பிடிக்க முன்பணம் இல்லாதவர், சந்துக்குள் வீட்டிலேயே சமைக்கிற பெண், மாலை ஏழு மணிக்குப் பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் இருப்பவர் இவர்களுக்கெல்லாம் வருகிறவர் பெரும்பாலும் புதியவர். சாலையோரக் கடை வாடகையையும் முன்பணத்தையும் எண்ணிப்பார்த்தால் அவர்களுக்கு இருபத்தொன்பதரை விழுக்காடு மலிவு என்றுகூடச் சொல்வேன். வாடகை கொடுத்து உட்கார்ந்து பத்து வருஷம் வாடிக்கை சேர்த்தவர்தான் இரண்டு நிலக்காரர்களுக்கு வாரம் அளக்கிறார்.

பணத்தில் எழுத முடியாத மதிப்பு ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஓட்டல் என்பது சாதி எழுதப்பட்ட வெளி. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன் பெரியார் நடத்திய போராட்டம் 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லைப் பலகையிலிருந்து அழிக்க. இன்றும் சாதிப் பெயரோடு மெஸ் பலகைகள் தொங்குகின்றன. எந்தத் தெருவில் கடை இருக்கிறது என்பதே பலகை எழுதாமல் சாதி சொல்லும். சேரிக்குள் இருக்கும் கடைக்குக் காலால் நடந்து வராதவர் திரையில் பார்த்து அங்கிருந்து வாங்கிச் சாப்பிடுகிறார், யார் சமைத்தது என்று தெரியாமல். இந்த அறியாமை ஒரு தலித் சமையல்காரருக்கு வருமானம். இதை விடுதலை என்று கொண்டாட மாட்டேன். ஆனால் வாரக் கணக்கு எழுதும்போது வரவுப் பக்கத்தில் வைக்காமல் விடவும் மாட்டேன். 2024 மார்ச்சில் சொமேட்டோ, சுத்த சைவர்களுக்கென்று பச்சைச் சீருடையில் தனிப் படை என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி மறுநாளே பச்சைச் சீருடையைக் கைவிட்டார்கள், தனிப் படை என்ற ஏற்பாட்டைக் கைவிடவில்லை. அழிந்த பலகையைத் திரைக்குள் மறுபடி எழுதுவது எத்தனை எளிது என்று அன்று தெரிந்தது.

நாமக்கல்லுக்கு வருகிறேன். கமிஷனிலிருந்து சந்தாவுக்கோ ஆர்டருக்கு இவ்வளவு என்ற கட்டணத்துக்கோ போவது வாரத்திலிருந்து குத்தகைக்குப் போவது. விற்பனை கூடினால் கூடியது கடைக்கு. பழைய ஆள் போனில் போட்டாலும் 80 ரூபாய் போகாது. ஆனால் குத்தகையின் கெடுதியும் கூடவே வரும்: ஆடி மாதம் வியாபாரம் படுத்தாலும் மாதச் சந்தா நிற்காது, நாளைக்குச் சந்தாவை ஏற்றினால் கேட்பதற்குச் சட்டம் கிடையாது. உள்ளூர்ச் செயலி என்பதால் நோட்டு கடைக்குத் திரும்பி வந்துவிடும் என்றும் இல்லை. அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். தமிழகத்தில் குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்தது 1969இல், நியாய வாரச் சட்டம் வந்து பதின்மூன்று ஆண்டு கழித்து. அதுவரை 'இவன் என் நிலத்தில் சாகுபடி செய்ததே இல்லை' என்று சொல்ல நிலக்காரரால் முடிந்தது. இந்த வரிசையை இம்முறை மாற்றிப் போடலாம்: முதலில் பதிவேடு, அப்புறம் வரம்பு.

பதிவேடு என்று நான் சொல்வதில் உடனடியாகச் செய்யக்கூடிய காரியம் ஒன்றும் அடக்கம். பழைய ஆள் யார், புதிய ஆள் யார் என்று தனியாக ஒரு கடையால் கண்டுபிடிக்க முடியாது. அது செயலியை அணைத்தால் ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். ஊர்க் கடைகள் எல்லாம் சேர்ந்து அணைத்தால்தான் அந்த ஆர்டர்களில் எத்தனை திரும்பக் கல்லாவுக்கு நடந்து வருகின்றன, எத்தனை காணாமல் போகின்றன என்று தெரியும். நாமக்கல்லில் 2025 ஜூலையில் அதுதான் நடந்தது. ஜூன் மாதக் கல்லா நோட்டையும் ஜூலை மாதக் கல்லா நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றில் ஒன்றா, ஐந்தில் ஒன்றா என்று கடை வாரியாகச் சொல்லிவிடலாம். எந்த ஆணையத்திடமும் இல்லாத சாட்சியம் அது. அந்தப் பக்கத்துத் தோழர்கள் யாராவது பத்து மெஸ்களில் ஏறி இறங்கிக் கேட்டு எழுதிவர வேண்டும், அந்த நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போவதற்கு முன்னால்.